கூடுதல் அரிசி கேட்கப் பயந்தேன்

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்கார அரசு வேட்டையாடிய அவசரகாலத்தில், லிங்கி ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். என் மகள் செல்விக்குக் கோதுமை ஆகாது. தின்றால் உடம்பெல்லாம் தடித்துப்போகும்.

ஒரு வாரம் பங்கீட்டில் அரிசியைக் குறைத்து, கோதுமை மாவு கொடுத்தார்கள். மாவு வேண்டாம், அரிசி தாருங்கள் என்று தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அரிசி கூடுதலாகக் கேட்டால், காட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறோம் என்று சந்தேகப்படுவார்கள். பயந்து, யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அரிசி தீர்ந்ததும் ரொட்டி சுட்டேன்.

"வேணாம்மா, அரிக்கும்," என்றாள் செல்வி.

"ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆவாது. தின்னு," என்று அதட்டினேன்.

சற்று நேரத்தில் முகம் வீங்கி, மூச்சுத் திணறினாள். தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸர் ஊசி போட்டுக் காப்பாற்றினார்.

கூடவே ஓடிவந்த பக்கத்து வீட்டு அஞ்சலை கேட்டாள்: "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு ரொட்டின்னா உசுரு. மாவைக் குடுத்துட்டு அரிசிய வாங்கிட்டுப் போயிருப்பியே."



இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் செல்விக்குக் கோதுமை ஆகாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். அஞ்சலை வீட்டில் அவள் யோசிக்காமல் சாப்பிடுகிறாள். நான் சோறு போட்டால் மட்டும், "இதுல மாவு இல்லையேம்மா?" என்று கேட்கிறாள்.