நடுவில் நின்ற யாரக்கா

“பாத்துக்கலாம்னா யாரு பாக்குறது? ஆளக் காட்டுங்க” என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைகிறார் யாரக்கா. தொளதொளத்த முழுக்கைச் சட்டை, சுண்ணாம்புத் தூசி படிந்த தலைக்கவசம். வயரிங்காரர் தன் நெஞ்சைத் தொட்டு “நான்தான்க்கா” என்று சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார்.

மருத்துவமனையின் பழைய குழந்தைகள் பிரிவைப் புதுப்பிக்கிறார்கள். யார் எதைச் செய்வது, ஒருவர் வேலை எங்கே முடிந்து அடுத்தவர் வேலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. எதற்கெடுத்தாலும் ‘யாரு?’ என்று கேட்பதால் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர்தான் யாரக்கா. வீட்டிலும் அதே கதைதான். பால் தீர்ந்துபோய், யாராவது வாங்கி வரட்டும் என்று கணவர் இழுத்தால், “நம்ம வீட்ல யாராவதுன்னு ஒருத்தரும் இல்லையே” என்பார். கணவர் செருப்பை மாட்டிக்கொள்வார்.

இத்தனை கறாரானவர் ஓரிடத்தில் மட்டும் இளகிவிட்டார். தரை போடும் டைல்ஸ்காரர், கதவு செய்யும் தச்சரின் தங்கையைக் கட்டியவர். ஏதோ குடும்பப் பேச்சில் மனஸ்தாபமாகி இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருவர் சொல்வதை வாங்கி மற்றவரிடம் கொண்டு சேர்க்கும் வேலையை யாரக்கா தன் தலையில் போட்டுக்கொண்டார். சண்டை வேண்டாமே என்றுதான்.

காய்ச்சலில் யாரக்கா படுத்திருந்தபோது, புதிய குழாய்களை மூடுவதற்காகத் தரையை உயர்த்த வேண்டி வந்தது. டைல்ஸ்காரர் உயர்த்திவிட்டார். அக்கா வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். தச்சரோ பழைய அளவிலேயே கதவுகளை அறுத்து, இழைத்து, வண்ணமும் பூசிவிட்டார். மாட்டிப் பார்த்தால் எல்லாக் கதவும் தரையில் இடித்து நின்றது. வெளியே தாழ்வாரத்தில், வருகிறவர் போகிறவர் காலடியில், கட்டில் போட்டுக் குழந்தைகள் படுத்திருந்தார்கள். அவர்களை உள்ளே மாற்றும் நாளோ நெருங்கிவிட்டது.

இருவரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவுகட்டி வந்தார் பொறியாளர். யார் தப்பு என்று யாரக்காவையே கேட்டார். ஊரையெல்லாம் கேட்கும் கேள்வி தன் முன்னால் வந்து நின்றதும் யாரக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என் தப்பு சார். இவங்க பேசிக்க வேண்டியத நான் நடுவுல புகுந்து சுமந்தேன். நான் படுத்ததும் பேச்சும் படுத்துருச்சு.”

இரண்டு பேரும் இருக்கட்டும், கதவுகள் சரியாகிவிடும் என்று அவர் கேட்டுக்கொள்ள, பொறியாளர் அரைமனதாகத் தலையாட்டிவிட்டுப் போனார். யாரக்கா இருவர் பக்கமும் திரும்பினார்.

“இனிமே நான் தூது வரமாட்டேன். தரை ஒசரம் மாறுனா உங்க மச்சான்கிட்ட நேர்ல சொல்றது உங்க வேலை” என்றார் டைல்ஸ்காரரிடம். தச்சரைப் பார்த்து, “அளவு கேக்காம மரத்துல ரம்பம் வைக்கக்கூடாது. அது உங்க வேலை” என்றார்.

டைல்ஸ்காரர் நகத்தில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டு நின்றார். பிறகு அளவு டேப்பை இழுத்துக்கொண்டு வாசற்காலுக்குப் போனார்.

“மச்சான், இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க.”

தச்சர் காது கேளாதவர் போல இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டேப்பின் முனை காற்றில் ஆடியது. அதைப் பிடிக்க எழுந்த தன் கைகளை யாரக்கா முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார்.

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். மெல்ல முட்டி போட்டு, டேப்பின் முனையைத் தரையோடு கட்டைவிரலால் அழுத்தினார்.

“அளவச் சொல்லுங்க மாப்ள.”

யாரக்கா கோத்த கைகளை இன்னும் பிரிக்கவில்லை.