சபியா மாமி தந்த பலகை

திருவனந்தபுரம் சாலை பஜாரில், அத்தர் விற்கும் கடையொன்றின் வாசலில் ரெஹால்களை அடுக்கியிருந்தார்கள். குர்ஆனை விரித்து வைத்து ஓதுகிற மடக்குப் பலகை. ஒன்றைக் கையில் எடுத்தேன். அத்தர் வாசனையில் சபியா மாமி நினைவில் வந்துவிட்டார்.

அப்பா கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் உபதேசியார். முஸ்லிம் தெருவில் எங்கள் ஜெபவீடு.

"அவிய வீடு மாதிரி இருந்தாத்தான் அவிய உள்ள வருவாவ" என்று பெஞ்சுகளை அப்புறப்படுத்திப் பாய் விரித்தார். சிலுவையை இறக்கினார். ஆராதனையை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றினார். அம்மா அழ அழ, தலையில் வெள்ளைத்துணி சுற்ற வைத்தார். யாரும் வரவில்லை, இருந்த நாலு குடும்பமும் போய்விட்டது.

"வேதப்புத்தகம் வைக்க ஒரு பலக வேணும்" என்று பக்கத்து வீட்டு சபியா மாமியிடம் கேட்டார். மாமி, இறந்துபோன கணவரின் ரெஹாலைத் துடைத்துத் தந்தார்.

நோன்பு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த மாமி வாசலிலேயே நின்றுவிட்டார். பாயைப் பார்த்தார். அம்மாவின் தலையைப் பார்த்தார். கணவரின் ரெஹாலைப் பார்த்தார்.

"எங்கள உள்ள விளிக்கதுக்கா இந்த வேஷம், உபதேசியாரே?"

அப்பா ரெஹாலை எடுத்து நீட்டினார்.

"பலக இங்கயே இருக்கட்டு. எனக்கினி வேண்டாம்."

கஞ்சியோடு திரும்பிப் போனவர் அதன்பிறகு எங்கள் படியேறவில்லை.

மறுநாள் மிஷன் அலுவலகத்துக்கு அப்பாவின் கடிதம் போனது: 'ஒரு முஸ்லிம் சகோதரி தாமாகவே நம் ஆராதனையைத் தேடி வந்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.'

"எடுக்கட்டா சேச்சி?" என்றார் கடைக்காரர். ரெஹாலை மடக்கி வைத்தேன்.

அப்பா சொல்லச் சொல்ல, அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். வீட்டில் என் கையெழுத்துதான் அழகு.