நான் கட்டிய கப்பல்கள், அவன் அனுப்பிய உலகங்கள்

மலேசியாவில் பீடோங் ஊரில் ஒரு நானா கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் ஒருவரின் மளிகைக் கடைக்கு, பொட்டலம் மடிக்கப் பழைய காகிதம் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து வேலைக்குக் காத்திருந்த நாள்களில், சாமான் வாங்கப் போகும் சாக்கில் நானும் என் தோழனும் அந்தக் கட்டுகளைக் கிளறுவோம். எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் அதில் மூன்று சின்ன ஆங்கிலப் புத்தகங்கள் அகப்பட்டன. ஊருக்குத் திரும்பிய ஏதோ துரையின் வீட்டுக் குப்பையாக இருக்க வேண்டும். விலை கேட்டோம்.

"சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி," என்றார் நானா. "கால் கிலோ சீனி மடிக்கக்கூட அந்தத் தாளு காணாது."

அது ஒரு விளையாட்டு என்று புரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பலகை கிடையாது, காய் கிடையாது. விண்வெளியில் ஓர் உலகத்தை ஒருவன் சொல்லச் சொல்ல, இன்னொருவன் அங்கே போய் இறங்கிய மாலுமியாகத் தன்னை நினைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்ளலாம். முதல் புத்தகம் மனிதர்களை உருவாக்க, இரண்டாவது கப்பல்களை வடிவமைக்க, மூன்றாவது உலகங்களை உண்டாக்க. கப்பல் எனக்குப் பிடித்தது. உலகம் அவனுக்குப் பிடித்தது. சண்டையே இல்லாமல் வேலை பிரிந்தது.

நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துத் திடலில் மற்ற பையன்கள் பந்து உதைக்க, நாங்கள் இருவரும் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து நட்சத்திரங்களுக்குப் போய்வந்தோம். கோல்கீப்பர் ஒருமுறை திரும்பி, "டேய், இதுல யாருடா ஜெயிக்கிறது?" என்று கேட்டான். யாரும் ஜெயிப்பதில்லை என்றோம். எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டவன் அன்று ஒரு கோலும் விட்டுக்கொடுத்தான்.

எட்டு மாதம் அப்படி ஓடியது. என் தோழனின் அப்பாவுக்குச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லை. தோட்டம் கைமாறியபோது புதிய நிர்வாகம் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. இராமநாதபுரம் பக்கம் தன் அப்பாவின் ஊருக்கே போய்விடுவது என்று அவர் முடிவு செய்தார். என் தோழன் மூத்த பிள்ளை, கூடப் போகாமல் முடியாது. அந்த ஊரை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை.

பினாங்குத் துறைமுகம்வரை போய் வழியனுப்பினேன். இரும்புப் பெட்டிகளுக்கும் தையல் இயந்திரங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு புத்தகங்களைப் பங்கு பிரித்தோம். மனிதர்களும் உலகங்களும் அவனுக்கு, கப்பல் எனக்கு.

"நீ கப்பலக் கட்டி அனுப்பு லா," என்றான். "அது போயி எறங்குறதுக்கு நான் ஊரக் கட்டுறேன். தபால்ல வெளாடுவோம்."

அழுதுவிடக் கூடாது என்பதற்காக, அவன் ஏறப்போகும் கப்பலின் எடை எத்தனை டன் இருக்கும் என்று இருவரும் பந்தயம் கட்டினோம்.

எனக்குப் பண்டார் பாரு பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணி வேலை கிடைத்தது. கிராணி என்றால் ஆபீசுக் கணக்கன். மூன்று அறை உள்ள வீடு ஒன்றை எனக்கு ஒருவனுக்கே கொடுத்தார்கள். தொழிலாளர் லயத்தில் இருந்த பையன்கள் என் வயதுக்காரர்கள் என்றாலும் என்னை "ஐயா" என்றார்கள். நான் போய் நின்றால் கேரம் பலகையைச் சுற்றியிருந்த சிரிப்பு அடங்கிவிடும். "வாங்கையா, உக்காருங்க," என்று இடம் விடுவார்கள். அப்புறம் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பெரிய கிராணியோ, என்னைக் கண்டாலே பேரேட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார். வேலை முடிந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுவரை என் குரலை நானே கேட்கமாட்டேன். ஒரு தரம் தொண்டையைச் செருமிப் பார்த்தேன், சத்தம் வருகிறதா என்று. இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று சிரிக்கவில்லை.

அதனால் கப்பல் கட்டினேன். ஆபீசிலிருந்து கொண்டுவந்த கட்டம் போட்ட தாள், கூராகச் சீவிய பென்சில், ஒரு ரூலர். ஒரு கட்டத்துக்கு அரை டன். இருநூறு டன் கப்பல் என்றால் அதற்குள் இயந்திரம், எரிபொருள் தொட்டி, சரக்கறை, மாலுமிகளின் அறைகள் எல்லாம் அடங்க வேண்டும். இயந்திரத்தைப் பெரிதாக்கினால் எரிபொருள் கூடுதலாகக் கேட்கும். எரிபொருளைக் கூட்டினால் ஆள் தங்க இடம் இருக்காது. ஓர் அறையைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். பத்துப் பேர் படுக்கும் கப்பல்களையே வரைந்தேன். சமையற்கட்டை எப்போதும் நடுவில் வைப்பேன், எல்லாரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும் என்று. "ஆறாம் நிரை", "மழைக்கால லோரி" என்று தோட்டத்துப் பெயர்களாக வைத்து, ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதுவரை எழுதி அனுப்புவேன். எரிபொருளும் தண்ணீரிலிருந்துதான். கடலோ ஆறோ உள்ள உலகத்தில் இறங்கினால் உறிஞ்சிப் பிரித்துக்கொள்ளலாம், அதுதான் விதி.

அவன் பதிலுக்கு உலகம் அனுப்புவான். துறைமுகம், காற்று, தண்ணீர், மக்கள்தொகை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கீழே நாலு வரி. முதல் உலகத்தில் மிதக்கும் சந்தை இருந்தது. இரண்டாவதில் இரண்டு சூரியன்களும், மீன் விற்கும் ஒரு சர்வாதிகாரியும் இருந்தார்கள். கடிதம் வந்துசேர மூன்று வாரம் ஆகும். வந்த நாளில் ஆபீசுப் பையன் "ஐயாவுக்கு இந்தியா தபால்" என்று கத்தினால் எனக்குக் கால் தரையில் நிற்காது.

ஒரு வருடம் கழித்து அவன் உலகங்கள் மாறின. துறைமுகம் இல்லை, தண்ணீர் பூஜ்யம். அடுத்ததிலும் தண்ணீர் பூஜ்யம். அதற்கடுத்ததில் நாற்பது குடும்பங்கள், ஒரே கிணறு. கீழே இப்படி எழுதியிருந்தான்: "வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் கிணற்றில் முறை கிடையாது. உள்ளூர்க்காரர்கள் எடுத்து முடித்த பிறகு அடியில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் கப்பல்கள் மூன்றும் எரிபொருள் இல்லாமல் மூன்று உலகங்களில் நின்றுபோயின. பாடுபட்டு வரைந்து அனுப்புகிறேன், இவன் ஏனோதானோவென்று ஒரே பதிலை அனுப்புகிறானே என்று பொருமினேன். உட்கார்ந்து எழுதினேன்: "புத்தகத்தில் கிணறு என்று ஒன்று எங்கே இருக்கிறது? விதிப்படி ஆடு. எப்போதும் பூஜ்யம் விழ வாய்ப்பே இல்லை. பகடையை மறுபடி உருட்டு. விருப்பம் இல்லை என்றால் சொல்லிவிடு, என் நேரத்தை வீணாக்காதே." என் நேரம்! அதை என்ன செய்வதென்று தெரியாமல்தானே கப்பல் கட்டிக்கொண்டிருந்தேன்.

போக மூன்று வாரம், வர மூன்று வாரம் என்ற கணக்கில் பதில் வரவில்லை. இரண்டரை மாதம் கழித்து வந்தது. உள்ளே உலகம் இல்லை. பேசுவது போலவே எழுதியிருந்தான்.

"கோவிச்சுக்காதடா. பகடை உருட்டி ரொம்ப நாளாச்சு. இங்க வெளிய பாத்து அப்படியே நம்பர் போட்டுட்டேன். எங்களுக்கு இங்க 'மலேயாக்காரங்க'ன்னு பேரு. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. நானும் அப்பாவும் வேற எடம் பாக்கறோம். உன் கப்பல் எல்லாம் பத்திரமா இருக்கு. அந்தப் பத்து பேரு கப்பல்ல நடுவுல சமையக்கட்டு வெச்சிருக்க பாரு, அது எனக்கு ரொம்பப் புடிக்கும்."

நின்றபடியே அதை நாலைந்து தடவை படித்தேன். வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உடனே தாளை எடுத்தேன். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். இயந்திரத்துக்குப் போக மிச்சம் முழுவதும் தண்ணீர் ஏற்றிய கப்பல் ஒன்றை வரைய ஆரம்பித்தேன். பாதியில் பென்சிலைக் கீழே போட்டேன். இன்னும் ஒரு கப்பலை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

எதையும் முதலில் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிரதி எடுத்து அனுப்புவது என் வழக்கம். அந்த நோட்டை எடுத்து முதல் கடிதத்திலிருந்து புரட்டினேன். அந்தக் காலத்தில் அரைகுறையாக எழுதத் தெரிந்தவன்கூட 'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் கடிதத்தை ஆரம்பிப்பான். பதினோரு கடிதங்கள். எல்லாம் கப்பலின் பெயரில் தொடங்கி எரிபொருள் கணக்கில் முடிந்தன. இல்லாத பத்து மாலுமிகளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் கூட்டிப் பெருக்கி எழுதியிருந்தேன். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. எனக்குத் தனிமை, எனக்குத் தனிமை என்று நான் அலைந்ததில், அங்கே இருந்தவனும் ஒரு தனி ஆள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பன்னிரண்டாவது கடிதத்தில் படம் எதுவும் வைக்கவில்லை. நாலே வரிதான். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா, குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா, என்னை மன்னித்துவிடு.

நாலு மாதம் கழித்து அது என்னிடமே வந்தது. உறையின் மூலையில், பெறுநர் ஊரில் இல்லை என்று யாரோ ஊதா மையில் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. உறையை நான் பிரிக்கவில்லை. உள்ளே இருக்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவனிடம் ஒரு வருடம் முன்னாலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.