சாயந்திர வண்டி

தலைச்சோலை மலைக்கிராமத்துக்குப் போகும் மருத்துவ வண்டியில் நான் நர்ஸாக இருந்தபோது, அதனால் மக்களுக்குப் பயன் உண்டா என்று ஆராய ஓர் அம்மாள் வந்தார். நரைத்த முடி, பருத்திப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. யார் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லி, “சரிதானா?” என்று கேட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, ஏழு மாதக் கர்ப்பிணி, ஒருமுறைகூடப் பரிசோதனைக்கு வந்ததில்லை. அந்த அம்மாள் அவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வரோணும்னுதானுங்க ஆசை. வண்டி பகல்ல வருதுங்க, அப்ப நாங்க தோட்டத்துல நிக்கறமுங்க. ஊடு வந்து சேர்றதுக்குள்ள அது போயிருதுங்க” என்றாள் அவள்.

“ஆசை இருக்கு, நேரந்தான் ஒத்துவரல. சரிதானா?”

அவள் கண்கலங்கித் தலையாட்டினாள். முதல் குழந்தையைப் பிரசவத்தில் பறிகொடுத்தவள்.

அடுத்த மாதமே வண்டி மாலையில் போகத் தொடங்கியது. அவளும் தவறாமல் வந்தாள். பிரசவம் நல்லபடியாக நடந்தது.

பிறகு ஒரு மழை நாளில் அந்த அம்மாள் பஸ் ஏறி வந்து அவளைத் தேடிப் போனார்.

“நீங்க சொன்னதாலதாம்மா நேரத்த மாத்துனாங்க. இனி பக்கத்து ஊரு கரடியூருக்கும் சாயந்திரந்தான் வண்டி.”

“இதச் சொல்லவாங்க இத்தன தூரம் வந்தீங்க?”

அவர் சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கக் கை நீட்டினார்.

கேள்வி கேட்க எத்தனையோ பேர் இந்த மலையேறி வந்திருக்கிறார்கள். பதில் சொல்ல ஏறி வந்தவர் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.