கஸ்தூரியின் சில்லைகள்

என் இடது புருவம் முடிந்துவிட்டது. வலது புருவத்தில் பாதி வந்தபோது, பல்லில் கடித்திருந்த நூலை அப்படியே விட்டுவிட்டு கஸ்தூரி பின் ஜன்னலுக்கு ஓடினார்.

"ரேவதி, அசையாதீங்க. வெண்தொண்டைச் சில்லை வந்துகிது!"

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்தெருவில் பியூட்டி பார்லர் நடத்துகிறார் கஸ்தூரி. அவரிடம் அவசரத்தோடு போகக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே கொய்யாக் கிளையில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. அதில் ஓட்டை போட்டு, இரண்டு மரக்கரண்டிகளைக் குறுக்கே செருகி, உள்ளே தினை நிரப்பியிருக்கிறார். கரண்டியில் உட்கார்ந்து கொறிக்க, கைக்குள் அடங்கும் சில்லைக் குருவிகள் வரும். எனக்கு எல்லாமே பழுப்புக் குருவிகள். அவருக்கு ஒவ்வொன்றும் பெயர் தெரிந்த கஸ்டமர்.

"மூக்கு வெள்ளி மாதிரி, வாலு கருப்பா ஊசியா இருந்தா வெண்தொண்டை. வயித்துல மீன் செதில் மாதிரி இருந்தா புள்ளிச் சில்லை. மஞ்சளா, கோடு ஜாஸ்தியா, மூக்கு தடியா இருந்தா அது சில்லையே இல்ல, பொட்டைத் தூக்கணாங்குருவி. நம்மள ஏமாத்தப் பாக்கும்."

ஏமாந்ததும் உண்டு. போன வருடம் செதிலே இல்லாத ஒரு குருவி வந்தது. புது வகை என்று பார்லருக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னார். வாசல் கண்ணாடியில் அதன் படத்தைக்கூட ஒட்டினார். சில மாதம் போனதும் அதன் வயிற்றில் செதில்கள் முளைத்தன. புள்ளிச் சில்லையின் குஞ்சு! கஸ்தூரி படத்தைக் கிழிக்கவில்லை. 'தப்பா சொல்லிட்டேன், இது குஞ்சு' என்று அதன் கீழேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்தார்.

போன பௌர்ணமிக்கு இருவரும் கிரிவலம் போனோம். கூட்டம் சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்று மத்தியானமே கிளம்பிவிட்டோம். அடி அண்ணாமலையை நெருங்கியபோது பாதை ஓரத்தில் ஒருவர் கம்பிக் கூண்டோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே கிளிப்பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் குருவிகள்.

"ஃபாரின் குருவிம்மா, ஆஸ்திரேலியா. வூட்ல வெச்சா லட்சுமி."

கஸ்தூரி குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஆஸ்திரேலியா இல்லீங்க. எங்க கொய்யா மரத்துல தினை துன்ற குருவி."

"உங்க வூட்டுக் குருவி பச்சையாவா இருக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கஸ்தூரியின் கையைப் பிடித்து இழுத்தேன். குஞ்சு விஷயம் மாதிரி இதுவும் தப்பாகிப் போனால், நடுரோட்டில் ஒரு மனிதரைத் திருடனாக்கியது போலாகிவிடுமே.

கஸ்தூரி கையை உதறிக்கொண்டு, கம்பியோரம் ஒண்டியிருந்த குருவியின் மார்பில் மெல்ல ஊதினார். இறகு பிரிந்தது. நுனியில்தான் பச்சை, அடியில் சாயமே இல்லை.

"எத்தினி தலைக்கு டை அடிச்சிருக்கேன்! வெள்ளை மேலதான் கலர் ஏறும், கருப்புல ஏறாது. பாருங்க, வெள்ளையெல்லாம் பச்சையாயிடுச்சி, செதில் மட்டும் அப்படியே நிக்குது. இது புள்ளிச் சில்லை. இத புடிக்கிறதே குத்தம்."

சிரிப்பு அடங்கியது. சிலர் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள்.

"நான் புடிக்கலம்மா. வாங்கி விக்கிறேன், அவ்ளோதான்" என்றார் கூண்டுக்காரர். துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"போன உள்ள வைங்கப்பா" என்று கூட்டத்தை அதட்டினார் கஸ்தூரி. பிறகு அவரிடம் திரும்பி, "கூண்ட மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

கூண்டைத் தள்ளிவிட்டு அவர் ஜனத்தில் கலந்துவிட்டார். கஸ்தூரி வனத்துறைக்குப் போன் செய்தார். வனக்காவலர் விமல்ராஜ் பைக்கில் வந்து, ஒவ்வொரு குருவியின் சிறகையும் விரித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. இங்கயே வுட்டுடலாம்."

"பச்சை?"

"எறகு மாத்தறப்ப போயிடும்க்கா."

பாதையை விட்டு விலகி, ஒரு நெல்வயலின் வரப்பில் கூண்டைத் திறந்தோம். விர்ரென்று கிளம்பிப் பயிரில் இறங்கியதும், எது நெல் எது குருவி என்று தெரியவில்லை. "கலர் நல்லா மேட்ச் ஆவுதே!" என்று கஸ்தூரி விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒன்று மட்டும் வெளியே வரவில்லை. மூலையில் ஒடுங்கி நின்றது. விமல்ராஜ் கூண்டைத் தட்டக் கையை ஓங்கினார். கஸ்தூரி தடுத்தார்.

"நாம பாத்துக்கினே இருந்தா அது எப்படிங்க போவும்?"

கூண்டை வயல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அதற்கு முதுகு காட்டி வரப்பில் உட்கார்ந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் சிறகு படபடத்தது. நான் சட்டென்று திரும்பினேன், விமல்ராஜும் திரும்பினார். கஸ்தூரி மட்டும் மலைப்பக்கம் முகத்தை வைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார்.