ஆசீர்வாதம் என்று நினைத்தார்கள்

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் என் கணவர் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியில் ஏலம் கூறும் வேலையில் இருந்தார். அவர் குரல் தெருக்கோடி வரை கேட்கும். வீட்டிலும் வாய் ஓயாது. "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்று நான்தான் அடிக்கடி சொல்வேன்.

அந்த வருடம் அவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. குனிந்து நிமிர்ந்தால் தலைசுற்றல். உடம்பு பாதியாக இளைத்துவிட்டது. டாக்டர்கள் ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தார்கள், எதுவும் கேட்கவில்லை. குணமாகும்வரை தாடி எடுப்பதில்லை, திங்கட்கிழமைதோறும் மலையைச் சுற்றி வருவது என்று வேண்டிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை விடியலில் போனவர், வெயில் உச்சிக்கு ஏறியும் திரும்பவில்லை. ஒரு ஜட்கா வண்டி பிடித்துத் தேடிக்கொண்டு போனேன். அடி அண்ணாமலை தாண்டி, புளியமரத்தடியில் சிறு கூட்டம். நடுவில் அவர். மேலே சட்டை இல்லை, நெற்றி நிறைய விபூதி. முன்னால் வாழைப்பழம், கற்பூரம், சில்லறை. ஒவ்வொருவராக விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாடிக்குள் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்ததைப் பரவசம் என்றார்கள்.

நான் கூப்பிட்டதும் திரும்பினார். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கிட்டே ஓடிய என் கையை ஒரு அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"சாமி மௌனத்துல இருக்காரும்மா. தொந்தரவு பண்ணாத."

"எங்க வூட்டுக்காரருங்க அவரு."

"இருக்கட்டுமே. வேணாம்னு வுட்டுட்டு வந்தவர ஏன் இழுக்கற? காலைல எல்லாருக்கும் கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணாரு. இப்பதான் கைய எறக்கினாரு."

ஆசீர்வாதமா செய்திருப்பார்? உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான் போனபோது அந்த வலது கை உயிரில்லாமல் மடியில் கிடந்தது. நானும் ஜட்காக்காரரும்தான் தூக்கினோம். கும்பிட்டவர்களில் ஒருவர்கூடக் கை கொடுக்கவில்லை. சாமியைத் தொடக்கூடாதாம்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் விஷயம் தெரிந்தது. இதயத்துக்குள் ஜவ்வு மாதிரி ஒரு கட்டி. "கேன்சர் இல்லம்மா, சாதாக் கட்டிதான்" என்றார் டாக்டர். அந்தச் சாதாக் கட்டியிலிருந்து துணுக்குகள் பிய்ந்து, ரத்தத்தோடு மூளைக்குப் போய் அடைத்திருக்கின்றன. முதலில் பேச்சு போயிருக்கிறது, அப்புறம் கை. கட்டியை அறுத்து எடுத்தார்கள். காய்ச்சல் நின்றது, உடம்பு தேறியது. பேச்சும் வலது கையும் மட்டும் திரும்பவே இல்லை. கொஞ்சம் முன்னால் கூட்டி வந்திருந்தால் கையாவது பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் இன்னும் என்னை அரிக்கிறது.

அதற்குப் பிறகும் வாசலில் உட்கார்ந்திருக்கும் அவரைச் சிலர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்துவேன்.

இப்போதும் இந்த ஊரில் யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய், "உங்க பேரு என்னங்க?" என்று கேட்காமல் நகரமாட்டேன். நிஜமாகவே மௌன விரதத்தில் இருந்த சாமியார் ஒருவர் தடியை ஓங்கிக்கொண்டு வந்தார். ஓங்கட்டும். அன்றைக்கு அத்தனை பேர் வந்தும், கும்பிடுவதற்கு முன்னால் "என்னங்க ஆச்சு?" என்று ஒருவர்கூட என் கணவரைக் கேட்கவில்லையே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.