வாய்க்காலுக்குக் காதுகுத்து

எங்கள் தெருவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். ஓடாது. நான் குடிவந்தபோதே அது படுத்துத்தான் கிடந்தது. தெருவின் மேல் முனையில் நுழைந்து, வீடுகளின் வாசலை ஒட்டியே வந்து, கீழ்முனையைத் தாண்டி அடுத்த தெருக்கள் வழியாகக் கண்மாய்க்குப் போய்ச் சேர வேண்டிய வரத்துக்கால் அது. மதுரையில் திருமங்கலம் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் வருகிற தெருக்களில் எங்களுடையதும் ஒன்று. கண்மாய் நிறைந்தால் இந்தப் பக்கத்து ஆழ்குழாய்களில் தண்ணீர் இருக்கும். வாய்க்கால் படுத்துக்கொண்டால் கண்மாய் காயும், தெரு நனையும்.

நனைவது கீழ்முனைதான். அங்கேதான் ஒரு அக்காவின் இட்லிக்கடையும், அதற்குப் பின்னால் என் அறையும் இருந்தன. நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்து, பாலக்காட்டில் பரோட்டா வீசி, கிரானைட் லாரியில் கிளீனராகப் போய், கடைசியாகச் சிம்மக்கல்லிலிருந்து சரக்கு ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டு இங்கே ஒதுங்கியிருந்தேன். போன மழைக்கு அறைக்குள் தண்ணீர் வந்தது. பாய் மிதந்தது. நான் அதில் படுத்திருக்கவில்லை என்பது ஒன்றுதான் லாபம். எனக்கென்ன, பையை எடுத்தால் அடுத்த ஊர். அக்காவுக்கு அப்படியில்லை. கிரைண்டர் முங்கியது, மாவு மூட்டை கரைந்தது, அடுப்பு ஈரம் காய ஒரு வாரமானது.

"இந்த வருசமும் தண்ணி வந்துச்சுன்னா கடைய மூடிட்டு மக வீட்டுக்குப் போயிருவேன்டா" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் வீடு திருமங்கலத்தில். பஸ் ஏறினால் அரை மணியில் போய்விடலாம். ஆனால் அக்கா அதைச் சொல்கிறபோது நாடு கடத்தப்படுகிற மாதிரிச் சொல்வாள். மருமகன் இட்லி சாப்பிட மாட்டானாம். அவனுக்குத் தினமும் சப்பாத்தி.

அக்கா போனால் எனக்குக் காலைச் சாப்பாடு போய்விடும். நான் பொதுக்காரியத்தில் இறங்கியதன் பின்னணி அவ்வளவுதான்.

காரியத்தை ஆரம்பித்தவர் மேல்முனையில் இருந்த டீச்சர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, விசிலிலிருந்து இல்லை. அது எப்போதும் கழுத்தில் தொங்கும். பால்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தினாலும் ஊதுவார், மாடு செடியில் வாய் வைத்தாலும் ஊதுவார். மாடு ஒன்றுதான் அதற்குக் கட்டுப்படாது. மாநகராட்சிக்கு மனு எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, மண் தோண்டும் இயந்திரத்தையும் வரவழைத்துவிட்டார். தெரு குறுகல். இயந்திரம் மேல்முனையில் நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. "நீங்களே ஆள் சேத்து வெட்டிப் போடுங்க. மண்ணள்ள லாரி அனுப்புறோம்" என்றார் வந்திருந்த அதிகாரி. நியாயமான பேச்சுதான்.

டீச்சர் உடனே வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். "நமது நீர், நமது உரிமை" என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் மண்வெட்டியோடு வரவும் என்று போட்டார். கட்டைவிரல் கட்டைவிரலாக வந்து விழுந்தது. கும்பிடுகள் வந்தன. ஒருவர் சூரிய உதயப் படம் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் ஓரத்தில் டீச்சர் நின்றார், நான் நின்றேன், மாடு நின்றது.

"அம்புட்டுப் பேரும் சரின்னாங்களே தம்பி" என்றார் டீச்சர்.

"விரல அனுப்பியிருக்காங்க டீச்சர். ஆளு பின்னால வரும்."

வரவில்லை. இரண்டு பேரும் கடைக்குப் போய் உட்கார்ந்தோம். அக்கா இட்லியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"கூப்பிட்டியளா?"

"போன்ல போட்டேனே."

"போன்ல போட்டா அது கூப்புடுறதா? என் கொழுந்தன் மகளுக்குச் சடங்குன்னு போன்ல போட்டாய்ங்க. நான் போகவே இல்லியே. வீடு தேடி வந்து, வெத்தல பாக்கு வச்சு, 'அவசியம் வந்துரணும்'னு சொன்னாத்தான் அழைப்பு. இல்லாட்டி சேதி."

டீச்சர் இட்லியைப் பிட்ட கையோடு யோசித்தார். "இது வாய்க்கால் வெட்டுறதும்மா. விசேசம் இல்லையே."

"ஆக்கிப்புட்டாப் போச்சு" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் மூன்று பேரும் தட்டோடு கிளம்பினோம். சோழவந்தான் வெற்றிலை, பாக்கு, கல்கண்டு, குங்குமச்சிமிழ். டீச்சர் கிறிஸ்தவர் என்பதால் குங்குமம் கொடுப்பது யார் என்பதில் வாசலிலேயே ஒரு பேச்சுவார்த்தை. டீச்சர் வெற்றிலையும் கல்கண்டும் கொடுப்பார், அக்கா குங்குமம் நீட்டுவாள், நான் தட்டைத் தூக்கிக்கொண்டு மூஞ்சியை மங்கலமாக வைத்துக்கொள்வேன் என்று முடிவானது. மூன்றில் கடினமான வேலை என்னுடையதுதான்.

முதல் வீட்டில் ஒரு பெரியம்மா தட்டைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். "வாங்க, வாங்க. என்ன விசேசம்? யாருக்கு?"

"வாய்க்காலுக்கு" என்றேன்.

"வாய்க்காலுக்கு என்னய்யா, காதுகுத்தா?"

"ஆமா பெரியம்மா. ரொம்ப வருசமாக் காது அடைச்சுக் கெடக்கு. குத்திவிடணும்."

சிரித்தாள். ஆனால் வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கியபின் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பக்கத்தில் வெற்றிலையை வாங்கிவிட்டு விசேஷத்துக்கு வராதவரைப் பற்றி மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். நாங்கள் நாலாவது வீட்டுக்குப் போய்ச் சேருமுன் 'ஞாயித்துக்கெழமை வாய்க்காலுக்குக் காதுகுத்து' என்கிற செய்தி ஏழாவது வீட்டுக்குப் போயிருந்தது. டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பிளக்ஸ் வைக்கக் கூடாது. "பிளக்ஸ் வச்சீங்க, நான் விசில் ஊதுறத நிறுத்திருவேன்" என்றார். சில பேர் அந்தப் பேரத்தை நல்லதாகவே நினைத்தார்கள்.

தெருவின் நடுவில் ஒரு பெரிய வீடு. சிம்மக்கல்லில் மொத்தக்கடை வைத்திருக்கும் அண்ணனுடையது. அவர்தான் கார் நிறுத்துவதற்காக வாய்க்காலுக்கு மேல் வாசல் நீளத்துக்கு காங்கிரீட் சிலாப் போட்டவர். மழைத் தண்ணீர் அதற்கடியில் நுழைய முடியாமல் தெருவில் ஏறி, நேராக அக்கா கடைக்கு வரும். அந்த சிலாப்பைத் திறக்காவிட்டால் வெட்டுவதெல்லாம் வீண். அவர் வீட்டு கேட் வரைக்கும் போனோம். டீச்சருக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஒரு வாய்த்தகராறு. எனக்கு அவர் கடைச் சரக்கில்தான் பிழைப்பு. உள்ளேயிருந்து நாய் குரைத்தது. சிலாப்பை உடைக்க வேண்டும் என்று அதன் சொந்தக்காரரையே எப்படி வெற்றிலை வைத்துக் கூப்பிடுவது?

"அண்ணன அப்புறமாப் பாத்துக்கலாம்" என்று யாரோ சொன்னோம். யாரென்று இன்றைக்கும் மூன்று பேரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க ஆள். கடப்பாரை, மண்வெட்டி, சாந்துச் சட்டி. ஒருவர் கேட்காமலேயே மைக் செட் கட்டிவிட்டார். காதுகுத்து என்றால் மைக் செட் இல்லாமலா? அக்கா அண்டாவில் பொங்கல் வைத்திருந்தாள். பெண்கள் விசேஷத்துக்குப் போகிற சேலையில் வந்து, அதை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். டீச்சர் விசிலுக்கு ஒரு வரிசை சட்டியை மாற்றியது, இன்னொரு வரிசை அள்ளியது. லாரி தெருமுனையில் வந்து நின்றது. மேல்முனையிலிருந்து வேலை மளமளவென்று இறங்கி வந்து சிலாப்பில் முட்டி நின்றது.

சிலாப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் அண்ணன். மடித்துக் கட்டிய லுங்கி, கையில் பேப்பர், பக்கத்தில் டீ.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க" என்றேன்.

"எதுக்கு?"

"வாய்க்கால்ல வேலண்ணே."

"செய்யி. என்னையக் கேட்டா ஆரம்பிச்சிய? தெருவுல அம்புட்டு வீட்டுலயும் வெத்தல வச்சிருக்கிய. என் வீடு என்ன ராமநாதபுரத்துலயா இருக்கு? கேட்டு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிய. என் நாய் சாட்சி."

நாயும் கேட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கொடுத்தது.

அவருடைய கோபம் சிலாப்பைப் பற்றியது என்று நினைத்துத்தான் இவ்வளவு நாள் பயந்திருந்தோம். சிலாப்பை அவர் பேச்சுக்கே எடுக்கவில்லை. தெருவே கூடியிருக்கும் ஒரு விசேஷத்தில் தன் வீட்டை விட்டுவிட்டார்கள். மதுரைக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. அக்கா என் காதில், "விட்டுப்போன வீட்டுக்கு ஒரு பங்கு கூடத்தான் செய்யணும். போயி மாலை வாங்கிட்டு வா" என்றாள். நான் ஆட்டோவை விரட்டினேன்.

சம்பங்கி மாலையும் ஒரு கட்டு வெற்றிலையுமாக நான் திரும்பியபோது அக்கா பித்தளைத் தாம்பாளத்தோடு தயாராக இருந்தாள். கீழ்முனையிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் டீச்சர், பின்னால் சேறு படிந்த கால்களோடு தெரு மொத்தமும், மைக்கில் நாதஸ்வரம். எங்களைத் தூரத்தில் பார்த்ததும் அண்ணன் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டார். வாசலிலேயே உட்கார்ந்திருப்பவரை எப்படி வீடு தேடிப் போய் அழைப்பது? முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"மாப்ள, ஆளு எந்திரிச்சிட்டாரு. இப்பவே சிலாப்ப நெம்பிருவமா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"வாயப் பொத்துறா" என்று நாலு பேர் அவனை அடக்கினார்கள்.

கேட்டைத் தட்டினோம். அண்ணன் சட்டை போட்டு, திருநீறு பூசி, மனைவியோடு வெளியே வந்தார். "அட, வாங்க வாங்க. என்ன, எல்லாருமாச் சேந்து வந்திருக்கிய?" என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

"நீங்க இல்லாம விசேசம் நடக்குமாண்ணே? மொதக் குத்து நீங்கதான் குத்தணும்" என்று அக்கா தாம்பாளத்தை நீட்டினாள். டீச்சர் மாலையைப் போட்டார். அண்ணன் வெற்றிலையை வாங்கினார். வாங்கிய கையில் நான் கடப்பாரையைக் கொடுத்தேன். அதற்கும் குங்குமம் வைத்திருந்தோம்.

அவர் கடப்பாரையைப் பார்த்தார், சிலாப்பைப் பார்த்தார். மைக் செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். மாலை கழுத்தில் இருக்கிறது. கழற்றிக் கொடுக்கவா முடியும்?

"காரு எங்கன நிக்கிறது?" என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில்.

"பாதியத்தான் எடுக்கப் போறோம். அந்த எடத்துல இரும்புக் கம்பி வல போட்டுத் தாரோம்ணே. காரும் நிக்கும், தண்ணியும் போகும்" என்றார் டீச்சர். அண்ணனிடம் விசில் ஊதாமல் அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அண்ணன் ஓங்கிக் குத்தினார். கடப்பாரை துள்ளித் திரும்பியது. "நல்ல கம்பி போட்டுக் கட்டுனேன்" என்று பெருமையோடு ஆரம்பித்தவர், நாங்கள் மாற்றி மாற்றிக் குத்திக் களைத்துப் போகப் போக, "அந்தக் கொத்தனாரு அநியாயத்துக்கு நல்லவருப்பா" என்று நொந்துகொண்டார்.

மத்தியானத்துக்குத்தான் பாதி சிலாப் பெயர்ந்தது. அடியில் மண் அதிகமில்லை. பிளக்ஸ்தான். பல வருடத்து பிளக்ஸ்கள் காற்றில் கிழிந்து, வாய்க்காலில் விழுந்து, இங்கே வந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி நின்றிருந்தன. ஒன்றை உருவித் தண்ணீர் ஊற்றினால், அண்ணனே கைகூப்பி 'வருக வருக' என்று நிற்கிறார், மகள் கல்யாணத்தில். அடுத்ததில் டீச்சர், பணி நிறைவு விழா, கழுத்தில் விசில். அடுத்தது இட்லிக்கடைத் திறப்பு விழா. அக்கா ஒல்லியாக இருந்தாள். ஒவ்வொன்றாகக் கழுவிச் சுவரோரம் சாத்தச் சாத்த, தெருவே வரிசையாக நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தது. ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

நான் மட்டும் எதிலும் இல்லை. எனக்கு யார் பிளக்ஸ் வைப்பார்கள்?

"உனக்கும் ஒண்ணு வச்சிருவோம்டா" என்றாள் அக்கா.

"செத்தா வைங்க."

"அப்பயும் டீச்சர் விடமாட்டாங்க."

ஐப்பசி மழை ஒரு சாயங்காலம் பிடித்தது. அக்கா மாவு மூட்டையைப் பெஞ்சில் ஏற்றினாள். திருமங்கலத்துப் பையை மூலையில் எடுத்து வைத்தாள். நான் பாயைச் சுருட்டி ஆட்டோவில் போட்டேன். அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு சிலாப் ஓரத்தில் நின்று, வருகிற செத்தையையெல்லாம் கம்பால் தள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். "போ, போ" என்று தண்ணீரை அதட்டினார். தண்ணீர் போனது. கடையின் கீழ்ப்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு வாய்க்காலுக்குள்ளேயே இறங்கிக்கொண்டது. அக்கா குனிந்து படியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து இட்லித்துணியை எடுத்து அலசப் போட்டாள். போகிற ஆள் இட்லித்துணியை எதற்குப் பையில் வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. மருமகனுக்கு ஒரு கண்டம் தப்பியது.

மழை விட்ட இரண்டாம் நாள் நான் பை கட்டிக்கொண்டிருந்தேன். கொச்சிப் பக்கம் மீன் வண்டி ஓட்ட ஒரு கூட்டாளி கூப்பிட்டிருந்தான். ஒரே ஊரில் இரண்டு மழை பார்த்தால் எனக்குக் கால் அரிக்கும். அப்போது கதவைத் தட்டினார்கள். வெளியே ஒரு கணவன் மனைவி, கையில் தட்டு, வெற்றிலை பாக்கு.

"நாங்க கீழத் தெருண்ணே" என்றார் அவர். "உங்க தெருத் தண்ணியெல்லாம் இப்ப எங்க தெருவுல நிக்கிது. எங்க வாய்க்காலும் அடைச்சுத்தான் கெடக்கு. ஞாயித்துக்கெழம காதுகுத்து வச்சிருக்கோம்."

"கடை முன்னாடி இருக்குண்ணே. அக்காட்டச் சொல்லுங்க."

"அவங்களுக்குச் சொல்லியாச்சு. இது உங்களுக்கு."

எனக்கு எப்படி வாங்குவதென்று தெரியவில்லை. இத்தனை ஊரில், இத்தனை அறையில், ஒருவரும் இப்படித் தட்டோடு என் கதவைத் தட்டியதில்லை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினேன். அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிய பை பாயில் இருந்தது.

"ஊருக்குக் கெளம்பிட்டியளாண்ணே?"

"இல்லம்மா" என்றேன். "துணி வெளுக்கப் போடணும்."

"அவசியம் வந்துரணும்."

"வாரேன். கடப்பாரையோட வாரேன்."